வால் ஆற்றுக்கு ஒரு கொள்ளிடம்

பாலத்தின் பாதியைத் தாண்டி வடகரைப் பக்கம் வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். எனக்குப் பின்னால் ஓர் ஆறு. முன்னால் இன்னோர் ஆறு. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு தீவு. அதில் சில ஓட்டு வீடுகள், இலை உதிர்த்து நிற்கும் மரங்கள்.

"பின்னாடி இருக்குறது பழைய ஆறு மாமா. முன்னாடி தெரியுறது இவங்க வெட்டுனது" என்றான் தங்கை மகன்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரம். ஜெர்மனியிலிருந்து வரும் ரைன் நதி, நாட்டுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே பிரிகிறது. அதில் பெரிய கிளைக்கு வால் என்று பெயர். ரைன் கொண்டுவரும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. தங்கை மகன் இந்த ஊரில் வேலை பார்க்கிறான். நான் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கெங்கோ கூட்டிப் போகிறேன் என்றவனிடம், எனக்கு அந்த ஆற்றைக் காட்டினால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பிப்ரவரி மாதம். நான்கைந்து நாளாக மேலே ஜெர்மனியில் மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றான்.

நான் கொள்ளிடக் கரைக்காரன். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தை எங்கள் பக்கத்தில் படுகை என்போம். நாதல்படுகை என்று ஊர்ப் பெயரே உண்டு. வண்டல் மண், போட்டது விளையும். ஆனால் அது ஆற்றின் நிலம் என்பது அங்கே பயிர் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். பத்து வருஷம் நமக்குக் கொடுக்கும், ஒரு வருஷம் தனக்கு எடுத்துக்கொள்ளும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதே, அந்த வெள்ளத்தில் எங்கள் படுகையில் குலை தள்ளிய வாழை கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் ஆற்றோரம் ஒன்றரை மா நிலத்தைக் காணோம். மண்வெட்டியால் சீவி எடுத்ததுபோல் செங்குத்தாக ஒரு மண் சுவர். அதிலிருந்து வாழை வேர்கள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. என் அண்ணன் அந்த வேரில் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கரையேறினார். இந்த ஆற்றைப் பார்க்க நான் இவ்வளவு ஆசைப்பட்டது அதனால்தான்.

நைமேகனில் வால் ஆறு சட்டென்று வளைகிறது. தென்கரையில் மேட்டின் மேல் ரோமானியர் காலத்திலிருந்து இருக்கும் நகரம். வடகரையில் லென்ட் என்ற சின்ன ஊர். வளைகிற அதே இடத்தில் ஆறு குறுகவும் செய்கிறது. பானையின் கழுத்து மாதிரி. வெள்ளம் வரும்போது இந்தக் கழுத்தில் முட்டி, தண்ணீர் மேலே தேங்கி ஏறும்.

1995 ஜனவரி கடைசியில் அப்படித்தான் ஏறியது. ரைன் நாட்டுக்குள் நுழையும் லோபித் என்ற எல்லையோர ஊரில்தான் தண்ணீரை அளக்கிறார்கள். அந்த முறை விநாடிக்குச் சுமார் 12,000 கன மீட்டர் வந்தது. நம் கணக்கில் நாலேகால் லட்சம் கன அடி. கரைகள் ஊறிப்போய் எந்த நேரமும் உடையலாம் என்ற நிலை. இரண்டரை லட்சம் பேரை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பச் சொன்னார்கள். மாடு, பன்றி, கோழி என்று சுமார் 10 லட்சம் கால்நடைகளையும் அப்புறப்படுத்தினார்கள். கடைசியில் கரை தாங்கிவிட்டது. ஆனாலும் கரையை உயர்த்திக்கொண்டே போவதுதான் வழியா என்ற கேள்வியை அதன்பிறகு யாராலும் ஒதுக்க முடியவில்லை.

கரைக்காரனுக்கு இது புரியும். கரையை உயர்த்தினால் உள்ளே தண்ணீர் உயரும். உள்ளே இருக்கும் படுகையில் ஒவ்வொரு வெள்ளமும் வண்டல் போட்டு மேடாக்கும். வெளியே, வடிகால் வெட்டிக் காயவைத்த நிலம் மெல்ல மெல்லத் தாழும். இப்படியே போனால் ஆறு மேலே, ஊர் கீழே. உடைந்தால் விழும் உயரம்தான் கூடுகிறது. இந்த நாட்டில் இடைக்காலத்திலிருந்து நடந்தது இதுதான்.

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட புதிய திட்டத்துக்கு 'ஆற்றுக்கு இடம்' என்று பெயர் வைத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், சுமார் 230 கோடி யூரோ. லோபித்தில் 16,000 கன மீட்டர், அதாவது 5.65 லட்சம் கன அடி வந்தாலும் ஊருக்குள் புகாமல் கடலுக்குப் போகவேண்டும் என்பது கணக்கு. அதற்குக் கரையை உயர்த்துவதை விட்டு, முடிந்த இடத்திலெல்லாம் கரையைப் பின்னால் தள்ளுவது, படுகையை வெட்டித் தாழ்த்துவது, துணை வாய்க்கால் தோண்டுவது.

தங்கை மகன் அந்தப் பெயரை டச்சு மொழியில் சொல்லி, அர்த்தம் சொன்னபோது நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். கொள்ளும் இடம் கொள்ளிடம் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். காவிரியில் மிஞ்சியதை வாங்கிக்கொள்ளும் இடம். "இது நம்ம ஆத்துப் பேருடா தம்பி" என்றேன்.

பாலத்திலிருந்து படிக்கட்டில் தீவுக்கு இறங்கினோம். லென்ட் பக்கத்துக் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய கரைக்கும் புதிய கரைக்கும் நடுவில் கிடைத்த நிலத்தில்தான் இந்த இரண்டாவது ஆற்றைத் தோண்டினார்கள். நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். அகலம் 150 முதல் 200 மீட்டர். 2016க்குள் வேலை முடிந்தது. பெயர் ஸ்பீகல்வால். ஸ்பீகல் என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. மற்ற நாட்களில் ஓட்டமில்லாமல் கண்ணாடிபோல் கிடக்குமாம். கோடையில் பிள்ளைகள் நீந்துவார்களாம். நான் பார்த்த அன்று காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது.

இவ்வளவு பெரிய வேலையால் வெள்ள மட்டம் எவ்வளவு குறைகிறது? நைமேகனில் சுமார் 35 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவு. இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கரை மேல் ராத்திரி முழுக்க நின்று மணல் மூட்டை அடுக்கியவர்களுக்கு அப்படி இருக்காது. தண்ணீருக்கும் கரை மட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கிறதா, நாலு விரல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே விடியவைத்திருக்கிறேன். அந்த ராத்திரியில் யாராவது வந்து ஒரு முழம் குறைத்துத் தருகிறேன் என்றால் காலில் விழுந்திருப்போம்.

தீவின் கிழக்குப் பக்கத்தில் ஸாலிக பாலம் என்று ஒரு நடைபாலம். வளைந்து வளைந்து ஸ்பீகல்வாலைக் கடந்து லென்ட் கரைக்குப் போகிறது. அதை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் பாதையின் ஒரு பகுதி முழுகிவிடும். அந்தப் பகுதியில் ஓரமாக சதுரச் சதுரமான கான்கிரீட் கட்டைகள். மற்ற நாளில் உட்கார. வெள்ள நாளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாண்டிப் போக. நாங்கள் போனபோது பாதை கணுக்கால் அளவு முழுகியிருந்தது. முதல் கட்டையில் கால் வைத்தேன். மேல்பகுதியில் காய்ந்த வண்டல், வெடித்து, விரல் நக அளவு செதில்களாக நின்றது. போன வெள்ளம் வைத்துவிட்டுப் போனது. ஒரு செதிலை எடுத்து நுணுக்கினேன். கொள்ளிடத்து வண்டல் போலத்தான், மாவு மாதிரி இறங்கியது. நிறம் மட்டும் கொஞ்சம் கூடுதல் சாம்பல். கட்டையின் பக்கவாட்டில் தண்ணீர் வந்து மோதி, ஒரு விரற்கடை ஏறி, இறங்கியது. அடுத்த கட்டைக்கு ஒரு நல்ல எட்டு. எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனான். பெரியவர்கள் இரண்டு பேர் தண்ணீரைப் பார்க்கவென்றே வந்து கட்டையில் நின்றார்கள். ஆறு ஏறுவதை ஊர் மக்கள் பயமில்லாமல், கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டும் என்றே கட்டிய பாலம் இது என்று எனக்குத் தோன்றியது. நான் பார்த்த எல்லாவற்றிலும் என்னை மிகவும் தொட்டது இதுதான்.

அந்தக் கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஓர் அம்மா எங்களிடம் வந்து பேசினார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் இந்தியாவில் ஓர் ஆற்றங்கரையிலிருந்து வருகிறேன் என்று தங்கை மகன் சொன்னதும், கையை நீட்டி ஓடும் தண்ணீரில் ஓர் இடத்தைக் காட்டினார். "அதோ அந்தக் கிளை மிதந்து போகிறதே, அங்கேதான் என் சமையல்கட்டு இருந்தது."

இந்த வாய்க்காலுக்காக இடித்த வீடுகள் சுமார் 50. அவருடையது அதில் ஒன்று. "முதலில் எல்லோரும் எதிர்த்தோம். எத்தனையோ கூட்டம். எங்கள் ஊரைத்தான் கிடைத்ததா என்று கத்தியிருக்கிறேன். ஆற்றுக்கு வடக்கே நகரத்தையே விரிவுபடுத்திப் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் வீடு கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் எங்கள் வீட்டை இடிப்பது என்ன நியாயம் என்று கேட்டோம்." பணம் நியாயமாகக் கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்தார்கள் என்றார். பல வருஷம் முன்னாலேயே சொன்னார்கள், வேறு வீடு பார்க்க நேரம் இருந்தது, அவர் புதிய கரைக்கு அந்தப் பக்கம், லென்ட்டிலேயே வாங்கிக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "அப்பா வைத்த ஒரு பேரி மரம் இருந்தது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவரே திரும்பி, "1995இல் என் அண்ணன் குடும்பம் ஓய் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மாடுகளோடு வந்து இறங்கியது. அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. இப்போது தண்ணீர் ஏறினால் நாயைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறேன். ராத்திரி தூங்குகிறேன்" என்றார். மரத்தையும் தூக்கத்தையும் அந்த அம்மா ஒன்றுக்கொன்று கழித்துக் கணக்குப் பார்க்கவில்லை. எனக்கும் அதைச் செய்யத் துணிவில்லை.

அங்கிருந்து மேல் முனைக்கு நடந்தோம், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்துக்கு. வாய்க்காலின் தலைப்பில் கல் அடுக்கி ஒரு தடுப்பு மேடு. ஆறு அந்த மேட்டு மட்டத்தைத் தாண்டினால்தான் தண்ணீர் இந்தப் பக்கம் வரும். ஏரி நிரம்பினால் வழியும் கலிங்கு போலவேதான். தலைப்பை ஏன் திறந்து போடவில்லை, எப்போதும் ஓடட்டுமே என்று எனக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் இருக்கிறது. வால், ஐரோப்பாவில் சரக்குக் கப்பல்கள் மிக அதிகமாகப் போகும் ஆறுகளில் ஒன்று. எல்லா நாளும் தண்ணீரைப் பிரித்துவிட்டால் பெரிய ஆற்றின் ஓட்டம் தளரும், மணல் படியும், கப்பல் தரைதட்டும். அதனால் வெள்ளத்துக்கு மட்டும் வழி. கீழ் முனை மட்டும் எப்போதும் ஆற்றோடு சேர்ந்தே இருக்கிறது. புதிய கரைக்கு அடியில் இன்னொரு வேலையும் ஒளிந்திருக்கிறது. ஆறு ஊரை நோக்கி 350 மீட்டர் நெருங்கி வந்துவிட்டதால், மணலுக்கு அடியில் கசிந்து லென்ட் வீடுகளின் நிலவறையில் ஊற்றெடுக்கும் ஆபத்து. அதைத் தடுக்க மண்ணுக்குள் ஆழமாக ஒரு சுவர் இறக்கியிருக்கிறார்கள். கரைக்கு வெளியே கொல்லையில் ஊற்று கிளம்பினால் உடைப்புக்கு முதல் அடையாளம் என்று கரைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்த ஊற்றைச் சுற்றி மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரைக் கட்டி நிறுத்துவோம். டச்சுக்காரர்களும் அதையே செய்வார்கள் என்று தங்கை மகன் கைப்பேசியில் படம் காட்டினான். வட்டமாக அடுக்கிய மூட்டை. அப்படியே நம் ஊர்ப் படம்.

கரையோரமாகத் திரும்பி வரும்போது அரிப்பின் கதை கண்ணுக்குத் தெரிந்தது. வால் ஆற்றின் இரு பக்கமும் கரையிலிருந்து ஆற்றுக்குள் கை நீட்டினாற்போல் கல் வரிசைகள். நம் கடற்கரையில் மீனவர்கள் கேட்டுப் போராடும் தூண்டில் வளைவு போன்றவை. கப்பல் போக ஆழம் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஆற்றை இப்படி நெருக்கினார்கள். நெருக்கிய ஆறு வேகமெடுத்தது. பக்கத்தில் அரிக்க விடவில்லை என்றதும் அடியில் அரித்தது. நூறு வருஷத்தில் ஆற்றின் தரை ஒன்று முதல் இரண்டு மீட்டர் இறங்கிவிட்டது. நைமேகன் வளைவில் 1980களில் அடியில் கல் பாவி ஒரு தளம் போட்டார்கள். அதன் பிறகும் சுற்றியுள்ள தரை இறங்கிக்கொண்டே போனதால், இப்போது அந்தத் தளமே துருத்திக்கொண்டு தண்ணீர் குறைந்த நாளில் கப்பலுக்கு இடைஞ்சலாகிவிட்டது. 2018இலும் 2022இலும் ரைன் வற்றியபோது கப்பல்கள் பாதிச் சுமையோடு போயின.

ஆற்றை இறுக்கியதால் வெள்ளத்திலும் கஷ்டம், வறட்சியிலும் கஷ்டம். மணல் அள்ளிப் பள்ளமாகிப்போன ஆறுகளின் ஓரத்தில் கிணறு வற்றுவதைப் பார்த்த நமக்கு இந்தச் சங்கிலி புதிதில்லை. இங்கே காரணம் வேறு, விளைவு அதேதான்.

இந்தத் திட்டத்தில் நைமேகனிலிருந்து கடல் பக்கமாகச் சுமார் 450 கல் வரிசைகளைத் தலா ஒரு மீட்டர் அளவுக்குச் சீவித் தாழ்த்தினார்கள், வெள்ளம் அவற்றின் மேல் வழுக்கிப் போகட்டும் என்று. தீல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 10 கிலோமீட்டருக்கு அந்த வரிசைகளையே எடுத்துவிட்டு, ஆற்றோடு நீளவாக்கில் ஓடும் தாழ்ந்த கல் சுவர் வைத்தார்கள். சுவருக்கும் கரைக்கும் நடுவில் அமைதியான ஓர் ஓடை. அதில் கப்பல் அலை படாமல் மீன்குஞ்சு வளர்கிறது. இதை ஊருக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிழக்கே மிலிங்கன் பக்கத்துப் படுகையையும் தங்கை மகன் காட்டினான். செங்கல் சூளைக்குக் களிமண் எடுத்தே படுகையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். மண் எடுத்த பள்ளங்கள் ஓடைகளாகிவிட்டன. காடு அடர்ந்தால் தண்ணீர் தடைபடும் என்று குட்டையான குதிரைகளையும் மாடுகளையும் வருஷம் முழுக்க மேயவிடுகிறார்கள். 1994இல் கொண்டுவந்து விட்ட நீர்நாய் போன்ற பீவர்கள் பெருகியிருக்கின்றன. கடித்துச் சாய்த்த வில்லோ மரம் ஒன்று, பென்சில் சீவியதுபோல் கூராக நின்றது.

எங்கள் ஊர் நினைவை அதிகம் கிளப்பியது நான் போய்ப் பார்க்க முடியாத ஓர் இடம். மேற்கே ஓவர்டீப் என்ற தாழ்நிலம். அங்கே பதினேழு பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. நிலத்தை வெள்ளத்துக்குத் திறக்கவேண்டும் என்ற பேச்சு வந்ததும், விவசாயிகளே முன்வந்து ஒரு யோசனை சொன்னார்கள்: எங்களுக்கு மேடு போட்டுக் கொடுங்கள், வீடும் தொழுவமும் அதன் மேல் இருக்கட்டும், சுற்றிலும் இருக்கும் வயலில் தண்ணீர் வந்து போகட்டும். சுமார் 6 மீட்டர் உயரத்தில் எட்டு மேடுகள் எழும்பின. மற்றவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வேறிடம் போனார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வயல் முழுகும் என்பது கணக்கு. கொள்ளிடத்தின் முகத்துவாரப் பக்கம் முதலைமேடு திட்டு என்று ஊர் இருக்கிறது. பெயரில் மேடும் இருக்கிறது, திட்டும் இருக்கிறது. 2018இலும் 2022இலும் அங்கிருந்து ஜனங்களைப் படகில்தான் ஏற்றிவந்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி ஸாலிக பாலத்துக்கு வந்தோம். மத்தியானம் நான் நின்ற முதல் கட்டையின் பக்கவாட்டில் ஈரம் இன்னும் இரண்டு விரல் ஏறியிருந்தது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அங்கே இரவு ஒன்பதரை. உடனே கூப்பிட்டார்.

"என்னடா இது, ஆத்துக்குள்ள நிக்கிற?"

விவரம் சொன்னேன். கரையைத் தள்ளிக் கட்டியது, கலிங்கு, ஒரு முழம் குறைந்தது எல்லாவற்றையும். சமையல்கட்டைக் காட்டிய அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அதுவரை உம் கொட்டிக்கொண்டிருந்தவர் குறுக்கே கேட்டார்.

"அந்தம்மாவுக்கு எடம் எங்க குடுத்தாங்க?"

"பணம் குடுத்தாங்கண்ணே. பல வருஷம் முன்னாடியே சொல்லிட்டாங்க. அதே ஊர்லயே வாங்கிக்கிட்டாங்க."

"முன்னாடியே வந்து சொன்னாங்களா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. திண்ணையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆத்தோரம் இருக்குற நம்ம அரைக்காணி, அதை வேணா எடுத்துக்கட்டும்டா" என்றார் அண்ணன். "வந்து கேக்கட்டும்."